ஐந்நூற்றுத் தொண்ணூற்றொன்பது அட்டை

என் வயதுக்காரர்களே, சின்ன வயதில் உங்களுக்கும் ஏதாவது ஒன்றின் மேல் பயம் இருந்திருக்கும். நாய், பல்லி, ஊசி போடுகிற டாக்டர். எனக்கு ஓர் எண்ணின் மேல் பயம். ஐந்நூற்றுத் தொண்ணூற்றொன்பது. ஐம்பதைத் தாண்டியும் அது போகவில்லை. துணிக்கடை விலைச் சீட்டில் 599 என்று பார்த்தால் நீட்டிய கை தானாகப் பின்னுக்கு வருகிறது. இப்போதெல்லாம் பாதிக் கடை அந்த எண்ணில்தான் ஓடுகிறது. நான் படும் பாட்டை நீங்களே நினைத்துப் பாருங்கள்.

அது ஒரு பகா எண். ஒன்றாலும் தன்னாலும் தவிர வேறு எதனாலும் மிச்சமில்லாமல் வகுபடாதது. நான் பத்தாவதோடு நின்றவள், இதற்கு மேல் கணக்கு தெரியாது. தங்கை மகன் கம்ப்யூட்டர் படிக்கிறான். நாலு கோடி இலக்கத்துக்கும் மேல் நீளமான பகா எண்ணைக்கூடக் கண்டுபிடித்துவிட்டார்களாம். அந்த ஒரே எண்ணை அச்சடித்தால் அலமாரி நிறைய புத்தகம் வருமாம். "மூணு இலக்கத்துக்கா பெரீம்மா இந்தப் பயம்?" என்று சிரித்தான். அவனிடம் சொல்லாததை உங்களிடம் சொல்கிறேன்.

அப்போது நான் ஏழாவது படித்துக்கொண்டிருந்தேன். ஆரணியில் எங்கள் வீட்டு நடுக்கூடத்தை ஒரு தறி அடைத்துக்கொண்டிருந்தது. மீதி இடத்தில்தான் நாங்கள் சாப்பிட்டோம், படித்தோம், தூங்கினோம். அப்பா நெய்வார், அம்மா பட்டு இழைப்பாள், சித்தி அட்டை குத்துவாள்.

சித்தி என்றால் அம்மாவின் தங்கை. சந்தவாசலில் வாழ்க்கைப்பட்டவள். ஒரு நாள் பகலில் ஒரு துணிப் பையோடு எங்கள் வீட்டுக்கு வந்தாள். இடது காது மடல் கிழிந்து, தையல் போட்டிருந்தது. "கம்மல் எதுலியோ மாட்டி இழுத்துட்டுதாம்" என்று அம்மா அக்கம்பக்கத்தில் சொன்னாள். நானும் அதை நம்பினேன். கம்மல் மாட்டிக் காது கிழிந்த ஒருத்தி ஏன் ஒரு வருடமாகியும் வீடு திரும்பவில்லை என்று யோசிக்கத் தெரியாத வயது. அவளைத் திருப்பி அனுப்பச் சொல்லி சந்தவாசலிலிருந்து தபால் கார்டு வரும். அப்பா படித்துவிட்டு உத்தரத்தில் செருகுவார். "இவ அட்டை குத்தறதால சும்மா கீறேன். இல்லன்னா ஊர் இன்னா பேசும்?" என்பார். சித்தி எங்கள் வீட்டில் இருப்பது அவள் குத்துகிற அட்டையைப் பொறுத்தது என்பது மட்டும் எனக்குப் புரிந்திருந்தது.

நெசவு வீட்டில் பிறக்காதவர்களுக்கு இதைச் சொல்லிவிடுகிறேன். தறிக்கு மேலே ஜக்கார்டு பெட்டி இருக்கும். ஓட்டை குத்திய அட்டைகளைக் கயிற்றால் ஒன்றோடொன்று கட்டி, மாலைபோல அதில் மாட்டுவார்கள். ஒவ்வொரு மிதிக்கும் ஓர் அட்டை வந்து நிற்கும். எந்த இழை மேலே எழ வேண்டும் என்பதை அதன் ஓட்டைகள் சொல்லும். ஓர் அட்டைக்குக் குறுக்கே ஓடும் ஓர் ஊடை இழை.

அந்த ஆனி மாதம் தெள்ளார் பக்கத்துக் கல்யாணம் ஒன்றுக்கு மூன்று சேலை நெய்யச் சொல்லியிருந்தார்கள். அக்கா தங்கைகள் மூவருக்கும் ஒரே மாதிரி. கரையில் ஓர் அன்னம், ஒரு தாமரை, மறுபடி அன்னம், மறுபடி தாமரை. உடலில் சின்னச் சின்ன ஜரிகைப் பூக்கள், புட்டா என்போம். அன்னத்தின் கொண்டைக்கு நேரே ஒரு புட்டா, தாமரைக்கு நேரே ஒரு புட்டா என்று நிற்க வேண்டும். அதுதான் அந்தச் சேலையின் அழகு. கரைக்கு ஒரு பெட்டி, புட்டாவுக்கு ஒரு பெட்டி. கரைக்கு அறுநூறு அட்டை, புட்டாவுக்கு முந்நூறு. கரை ஒரு சுற்று வந்தால் புட்டா சரியாக இரண்டு சுற்று வரும். இரண்டும் ஒன்றாகக் கிளம்பும்.

சித்தி அறுநூறும் குத்தி முடித்தாள். ஒவ்வொரு பத்தாவது அட்டையிலும் நீலப் பென்சிலால் எண் போட்டாள். கட்டி முடித்த மாலை மூலையில் சுருண்டு கிடந்தது. புது அட்டைக்கு ஒரு வாசனை உண்டு, ஈர மண்ணும் பசையும் கலந்தாற்போல. அதன் பக்கத்தில்தான் நான் வீட்டுப்பாடம் எழுதினேன்.

எங்கள் பள்ளியில் கணக்கு எடுத்தவர் ஒரு கன்னியாஸ்திரீ. கணக்கு சிஸ்டர் என்போம். பகா எண் பாடம் நடத்தினார். ஒன்று முதல் நூறு வரை கட்டம் போட்டு எழுது, இரண்டின் மடங்கையெல்லாம் அடி, மூன்றின் மடங்கை அடி, ஐந்து, ஏழு. கடைசியில் அடிபடாமல் நிற்பவை பகா எண்கள். வகுப்பில் எல்லாருக்கும் அது விளையாட்டாகிவிட்டது. "ஆயிரம் வரைக்கும் யார் போட்டுக்கினு வரீங்க பார்ப்போம்" என்றார். வாய் திறந்து பேசத் தெரியாத நான், எழுதிக் காட்டினால் போதும் என்ற ஒரு வேலை கிடைத்ததில் மகிழ்ந்துபோனேன்.

நாலு தாளை ஒட்டினேன். கோடு போட என் ஸ்கேல் எட்டவில்லை. ஜக்கார்டு அட்டை எட்டும். மாலையின் நடுவில் ஓர் அட்டையின் கயிற்றை அறுத்து உருவினேன். நாளைக்குத் திரும்பக் கட்டிவிடலாம் என்றுதான் நினைத்தேன். கோடு பாதிதான் முடிந்தது. மறுநாள் மிச்சத்தை வகுப்பில் போட அட்டையையும் எடுத்துப் போனேன். பக்கத்தில் உட்காருகிறவள் விசிறிக்கொள்ளக் கேட்டாள். கொடுத்தேன். சாயங்காலம் கேட்டால், "எங்கியோ உட்டுட்டேன்டி. ஒரு அட்டைக்குப் போய் இன்னாத்துக்கு அழுவுறே?" என்றாள். பள்ளிக்கூடம் முழுக்கத் தேடினேன். சத்துணவு அடுப்பில் சாம்பல்கூடக் கிளறிப் பார்த்தேன்.

வீட்டுக்கு ஓடினேன். அப்பா தறியில் பாவு, அதாவது நெடுக்கு இழைகளை, பிணைத்து முடித்துவிட்டார். "காலைல அட்டை மாட்டிடலாம்" என்றார். எல்லாரும் கொல்லையில் இருந்த நேரம் பார்த்து, அறுந்த இரண்டு முனைகளையும் சேர்த்து நானே முடிச்சுப் போட்டேன். சித்தி கட்டுவதை ஒரு வருடம் பார்த்தவள். முடிச்சு நன்றாகவே விழுந்தது. அறுநூறு, ஐந்நூற்றுத் தொண்ணூற்றொன்பது ஆனது அப்படித்தான்.

தறி ஓடத் தொடங்கியது. நான் தினமும் பள்ளியிலிருந்து வந்ததும் கரையைப் பார்ப்பேன். ஓர் இழை குறைந்த அன்னம் எது என்று எனக்கே தெரியவில்லை. நெய்த துணி உடனுக்குடன் உருளையில் சுருண்டுவிடுவதால் கண் முன்னால் ஒரு முழம்தான் இருக்கும். அதில் புட்டா கொண்டைக்கு நேரேதான் நின்றாற்போலிருந்தது. தப்பித்தோம் என்று பன்னிரண்டு நாள் நிம்மதியாகச் சாப்பிட்டேன்.

முதல் சேலையை அறுத்துக்கொண்டு பட்டுக் கடைக்குப் போன அப்பா, அதே சேலையோடு திரும்பி வந்தார். கூடத்தில் அதை விரித்தார். ஒரு முனையில் புட்டா அன்னத்தின் கொண்டையில். மறு முனையில், சுற்றுக்கு ஓர் இழையாகச் சுண்டுவிரல் அகலம் நகர்ந்து, கொண்டையை விட்டு இறங்கிக் காற்றில்.

"கடைக்காரர் இன்னா சொன்னாரு தெரியுமா? 'இன்னாய்யா, உன் அன்னம் நீந்திப் போய்க்கினே கீதே, புடிச்சுக் கட்டக் கூடாதா?' அத்தினி பேர் முன்னாடி," என்றார் அப்பா.

அம்மா குனிந்து பார்த்தாள். "ஜாஸ்தி இல்லீங்களே."

"ஒரு சேலைல இவ்ளோ. மூணாவது சேலைல? மூணு பேரும் ஒண்ணா நின்னா ஒருத்திக்கு ஒரு மாதிரி இருக்கும்."

சித்தி தறியின் அட்டை மாலையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

முதலில் பெட்டியின் மேல்தான் சந்தேகம். ஜக்கார்டு பெட்டி பழுது பார்க்கும் மேஸ்திரி வந்தார். இரண்டு நாள் ஊசி ஊசியாகப் பார்த்தார். "பெட்டி எந்த அட்டையையும் தாண்டலீங்க. ரெண்டும் சுத்துறது சுத்தினுதான் கீது. எங்கியாவது ஒரு எடத்துல மறுபடியும் ஒண்ணாச் சேந்துதான ஆவணும்?" என்றார்.

அந்த ஒரு வார்த்தையைப் பிடித்துக்கொண்டேன். மறுபடி சேருமா? எப்போது சேரும்? ஐந்நூற்றுத் தொண்ணூற்றொன்பது என்று அந்த வீட்டில் தெரிந்தவள் நான் ஒருத்திதான். ஏதாவது ஓர் எண் அதற்குள் மிச்சமில்லாமல் போனால் சீக்கிரம் சேரும் என்று என் புத்திக்குத் தோன்றியது. நோட்டின் கடைசிப் பக்கத்தில் வகுத்தேன். ஏழால் வகுத்தால் மிச்சம் நாலு. பதினொன்றால் ஐந்து. பதின்மூன்றால் ஒன்று. அந்த ஒன்றைப் பார்த்ததும் தூக்கிவாரிப் போட்டது, இன்னும் ஒரே ஓர் அட்டை இல்லாமல் இருந்திருந்தால் போயிருக்குமே! பதினேழால் நாலு. பத்தொன்பதால் பத்து. இருபத்து மூன்றால் மறுபடியும் ஒன்று. ஒட்டிய தாளை எடுத்துப் பார்த்தேன். ஆயிரம் கட்டத்தில் சுற்றிலும் எல்லாம் அடிபட்டுக் கிடக்க, 599 மட்டும் சுத்தமாக நின்றது. அந்தத் தாளின் பாதிக் கோடுகள் அதே அட்டையை வைத்துப் போட்டவை.

மறுநாள் சிஸ்டரிடம் போனேன். நானாக ஆசிரியர் மேசைக்குப் போனது அதுதான் முதல் தடவை.

"சிஸ்டர், ஒரு சக்கரத்துல முந்நூறு பல், இன்னொண்ணுல ஐந்நூத்தித் தொண்ணூத்தொம்பது. ரெண்டும் ஒண்ணா கிளம்பினா மறுபடி எப்போ ஒண்ணா சேரும்?"

சிஸ்டர் என் தாளை வாங்கிப் பார்த்தார். முகம் மலர்ந்தது. "599 பகா எண்ணுனு நீயே கண்டுபிடிச்சியா?" எல்லாரும் கை தட்டச் சொன்னார். தட்டினார்கள். நான் உள்ளுக்குள் செத்துக்கொண்டிருந்தேன். பிறகு மெதுவாக விளக்கினார். "ரெண்டையும் வகுக்கிற பொது எண் ஏதாவது இருந்தா சீக்கிரம் சேரும். இது பகா எண்ணாச்சே, தன்னைவிடச் சின்ன எந்த எண்ணோடயும் இதுக்கு ஒண்ணைத் தவிரப் பொதுவா எதுவும் கிடையாது. ரெண்டையும் பெருக்கிக்கோ. அதுக்கு முன்னால சேரவே சேராது."

பெருக்கினேன். ஒரு லட்சத்து எழுபத்தொன்பதாயிரத்து எழுநூறு. அங்குலத்துக்கு எண்பது ஊடை என்று அப்பா சொல்லக் கேட்டிருக்கிறேன். போட்டுப் பார்த்தால், பத்துச் சேலைக்கு மேல் நெய்தால்தான் அன்னமும் புட்டாவும் மறுபடி பழைய இடத்துக்கு வரும். அப்பாவின் பாவு மூன்று சேலைக்கு.

அன்றைக்கு எனக்கு ஒரு பைத்தியக்கார யோசனை வந்தது. இன்னோர் அட்டையையும் எடுத்துவிட்டால் 598. அதற்குள் பதின்மூன்று போகும், இருபத்து மூன்றும் போகும். ஏதோ ஒன்று போகிறதே, அது போதாதா? கத்தரிக்கோலோடு தறிக்கு மேலே ஏறிவிட்டேன். கயிற்றில் கத்தரியை வைத்த நேரம் அம்மா கொல்லையிலிருந்து கூப்பிட்டாள். இறங்கிவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை அப்பா அட்டையை எண்ணத் தீர்மானித்தார். மாலையைக் கழற்றி, வாசலிலிருந்து கொல்லைவரை போட்டார். ஒரு நீல எண்ணிலிருந்து அடுத்த நீல எண்வரை ஒவ்வொரு பத்தாக அப்பா தொட்டுக்கொண்டே போனார். நாங்கள் மூன்று பேரும் பின்னால் நடந்தோம். முந்நூறு வந்தது. நானூறு. நானூற்றுப் பத்துக்கும் நானூற்று இருபதுக்கும் நடுவில் அவர் விரல் நின்றது. மறுபடி எண்ணினார். மறுபடியும்.

"ஒண்ணு கொறையுது."

"அறுநூறுன்னு சொன்னியே?" என்று சித்தியைப் பார்த்துக் கேட்டார்.

"குத்தினேன் மாமா."

"குத்தினா எங்க போச்சு? பறந்து போச்சா? புத்தி அட்டைல இருந்தாத்தான. ஒரு வருஷமா நான் கார்டுக்குப் பதில் எழுதாம ஊர்ல பேஜாராயிகினு கீறேன். எதுக்கு? இந்த வேலைக்கா? போதும்மா. நாளைக்கு சந்தவாசலுக்குக் கெளம்பு."

அம்மா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். என் வாய் எப்படித் திறந்தது என்று இன்றும் தெரியவில்லை.

"நான்தாம்பா எடுத்தேன். கோடு போட எடுத்தேன். தொலைஞ்சிடுச்சு. நான்தான் திரும்ப முடிச்சுப் போட்டேன்."

அப்பா என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் பேசுவதே அதிசயம். அடி விழும் என்று கண்ணை மூடிக்கொண்டேன். விழவில்லை.

"நீ முடிச்சுப் போட்டியா? மேஸ்திரி ரெண்டு நாள் பார்த்தாரு, அவரு கண்ணுக்கே தெரியாத முடிச்சு?" அவர் குரல் இளகிவிட்டது. அம்மாவிடம், "பாத்தியா உன் பொண்ண? சித்தி போயிடுவாளேன்னு பழியைத் தன் தலைல போட்டுக்குது" என்றார்.

"நெஜமாப்பா. நெஜமா நான்தான்."

சித்தி குனிந்து அந்த இடத்து முடிச்சைப் பார்த்தாள். விரலால் ஒரு முறை தடவினாள். நிமிர்ந்தாள். "கொழந்த சும்மா சொல்லுது மாமா. இது என் முடிச்சுதான். குத்தும்போது ஒண்ணு உட்டுட்டேன்."

அப்பா என் தலையில் கை வைத்தார். அதுவரை அவர் அப்படிச் செய்ததில்லை. "நல்ல மனசு" என்றார். அந்தக் கையின் கனத்தை உங்களுக்கு எப்படிச் சொல்வேன்.

இப்போது யோசித்தால் ஒன்று தெரிகிறது. அப்பா கெட்டவர் இல்லை. ஊர் வாய்க்குப் பயந்தவர். ஒரு காரணத்துக்காகக் காத்திருந்தார். அது அட்டை வடிவில் வந்ததும், அதைத் தட்டிவிட யார் வந்தாலும் அவருக்குக் காது கேட்டிருக்காது. அந்த ஒரு அட்டையை சித்தி அன்று மாலையே மறுபடி குத்தி, கட்டிக் கொடுத்தாள். அடுத்த இரண்டு சேலையும் சரியாக வந்தன. அதற்கும் அவளைப் பற்றி யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

திங்கட்கிழமை பள்ளிக்கு லீவு போடச் சொல்லி, சித்தியோடு என்னை பஸ் ஸ்டாண்டுக்கு அனுப்பினார்கள். அப்பாவுக்குக் கூட வர மனமில்லை. அம்மாவால் முடியவில்லை. சந்தவாசல் பஸ் வந்து நின்றுகொண்டிருந்தது. கிளம்ப நேரம் இருந்தது. வேர்க்கடலை வாங்கிக் கொடுத்தாள். நான் தின்னவில்லை.

"சித்தி, நான்தான் எடுத்தேன்."

"தெரியும். என் முடிச்செல்லாம் வலது பக்கம் சாஞ்சு கெடக்கும். அது ஒண்ணு மட்டும் எடது பக்கம் சாஞ்சுகினு கீது. நம்ம வீட்ல எடதுகைக்காரி யாரு?"

"அப்பறம் ஏன் உன்துன்னு சொன்ன?"

"உன்துன்னு ஆயிட்டா மட்டும் என்னை வெச்சிப்பாரா? இன்னிக்கி அட்டை. அடுத்த மாசம் கொழம்புல உப்பு. நீ ஏன் அடி வாங்கணும்?" கடலையை உடைத்து என் கையில் வைத்தாள். "ஆமா, ராத்திரியும் பகலும் நோட்டுல இன்னாமோ வகுத்துகினே இருந்தியே, இன்னா அது?"

"599. அது எதாலயும் வகுபடாது சித்தி. சரி பண்ண ஒரு நம்பர் தேடினேன். ஒண்ணுகூட இல்ல."

"ஒண்ணுகூடவா?"

"ஒண்ணுகூட."

"நல்ல பேஜாரான நம்பரைப் பார்த்துத்தான் எடுத்தே போ" என்று சிரித்தாள். அந்த வருடத்தில் அவள் வாய்விட்டுச் சிரித்து நான் பார்த்தது அப்போதுதான்.

கண்டக்டர் விசில் ஊதினார். சித்தி பையை எடுத்துக்கொண்டு எழுந்தாள். சந்தவாசல் பஸ்ஸின் படி வரைக்கும் போனாள். ஏறவில்லை. அதைத் தாண்டி நடந்தாள். பின்னால் செய்யாறு வழியாகக் காஞ்சிபுரம் போகிற பஸ் நின்றிருந்தது. அதில் ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்தாள். என்னைப் பார்த்தாள். யாரிடமும் சொல்லாதே என்று சொல்லவில்லை, கை ஆட்டவும் இல்லை. பஸ் போய்விட்டது.

அந்த ஊரில் அட்டை குத்தத் தெரிந்த ஆளுக்கு எப்போதும் வேலை உண்டு என்பதும், அவள் அதிலேயே காலூன்றி நின்றுவிட்டாள் என்பதும் ஆறேழு வருடம் கழித்து அவள் அம்மாவுக்கு எழுதிய பிறகுதான் எங்களுக்குத் தெரியும். அன்றைக்கு எனக்குத் தெரிந்ததெல்லாம், அவள் வேறு பஸ்ஸில் ஏறினாள், அதைப் பார்த்தவள் நான் மட்டும்.

"ஏத்தி உட்டியா?" என்றார் அப்பா.

"உட்டேன்."

மூன்று நாள் சோறு இறங்கவில்லை. வாசலில் சைக்கிள் மணி கேட்டால் கொல்லைக்குப் போய்விடுவேன். நாலாம் நாள், நான் கொல்லைக்கு ஓடுவதற்குள், சித்தியின் கணவருடைய அண்ணன் வந்து சைக்கிளை வாசலில் சாய்த்தார். பெரிய மீசை. உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை.

"அனுப்பிட்டேன்னு சொல்லி அனுப்பினீங்க. இன்னும் வந்து சேரல. எங்கள இன்னான்னு நெனச்சிகினு கீறீங்க?"

அப்பாவின் முகம் வெளுத்துவிட்டது. "திங்கக்கெழமையே போயிட்டாளே! என் பொண்ணுதான் பஸ் ஏத்தி உட்டுச்சு."

அப்பா, அம்மா, அந்த ஆள் மூன்று பேரும் என்னைப் பார்த்தார்கள். அந்த ஆள் என் பக்கம் குனிந்தார். வெற்றிலை வாடை. "எந்த பஸ்ஸுல ஏறினா உன் சித்தி? பார்த்துச் சொல்லணும்."

நோட்டில் நாள் கணக்காக வகுத்துப் பார்த்தும் கிடைக்காத துணிச்சல் எங்கிருந்தோ வந்தது. "சந்தவாசல் பஸ்தாங்க. ஜன்னலோரம் ஒக்காந்தாங்க. எனக்குக் கை ஆட்டினாங்க."

அவர் என் கண்ணையே பார்த்தார். "பொய் சொல்லலையே?"

நான் வாய் திறப்பதற்குள் அப்பா முன்னால் வந்து நின்றார். "என் பொண்ணு பொய் சொல்லாதுங்க. செய்யாத தப்பையே நான்தான் செஞ்சேன்னு ஏத்துக்கிற பொண்ணு. ஊர்ல யாரை வேணா கேளுங்க."

அந்த ஆள் சைக்கிளைத் திருப்பி, வழியில் பஸ் நிற்கிற ஊர் ஒவ்வொன்றிலும் விசாரிக்கிறேன் என்று சொல்லிக்கொண்டு சந்தவாசல் ரோட்டிலேயே போனார். காஞ்சிபுரம் ரோடு அதற்கு நேர் எதிர்ப்பக்கம்.